மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து விமானத்தில் சரக்கு அனுப்பப் போகிறீர்களா? எடையில் தொடங்குங்கள்

மருதமுனைச் சாறியும் சாரமும், வீட்டில் இடித்த மிளகாய்த்தூள், பனையோலைப் பெட்டி, கஜு என்று லண்டனிலும் டொரொன்டோவிலும் உள்ள தமிழ்க் கடைகளுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் நம்ம பக்கத்தில் கூடிக்கொண்டு வருகிறார்கள். அனுப்பும் முறையை ஒரே இடத்தில் இருந்து சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. சரக்கு அனுப்பித்தரும் முகவர் தனக்குத் தேவையானதை மட்டும் சொல்வார். லொறிக்காரர் வேறொன்று சொல்வார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சரக்கு ஏற்கும் இடத்தில் நிற்பவர், பெட்டி மேசைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறப்பார். நானும் இப்படிப் பலரிடம் கேட்டு, அலைந்து, பணத்தையும் விட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவையாக, சில பத்து கிலோவிலிருந்து சில நூறு கிலோ வரை வியாபாரமாக அனுப்பப் போகிறவர்களுக்கு இது. எடையைப் பற்றி அடிக்கடி பேசுவேன். நீங்கள் கட்டும் பணம், சுங்கத் தாள், விமானத்தின் பாதுகாப்பு, பொருள் தொலைந்தால் வரும் நட்ட ஈடு என்று எல்லாமே நீங்கள் எழுதும் எடையில்தான் வந்து நிற்கின்றன.

1. எந்த வழி என்று முதலில் தீர்மானியுங்கள்

இரண்டு மூன்று கிலோ மாதிரிப் பொருள் அனுப்புவதென்றால் தபால் போதும். மட்டக்களப்பு, கல்முனைத் தபாலகங்களில் வெளிநாட்டுப் பொதி ஏற்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை, என்ன எடை, என்ன விலை என்று சுங்கப் படிவம் நிரப்ப வேண்டும். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, அவசரமாகப் போக வேண்டும் என்றால் கூரியர். 45 கிலோவைத் தாண்டினால் விமானச் சரக்கு, அதாவது எயார் கார்கோ, விலை கேட்டுப் பார்க்கத் தகுந்தது.

திமிலைத்தீவில் நம்ம விமான நிலையம் இருக்கிறதே, அங்கிருந்து அனுப்ப முடியாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2018இல் அதற்குச் சர்வதேச விமான நிலையம் என்ற பெயர் கிடைத்தது உண்மை. ஆனால் உங்கள் பெட்டியை லண்டனுக்கு எடுத்துப்போகும் விமானம் கட்டுநாயக்காவிலிருந்துதான் புறப்படும். ஆகவே சரக்கை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதையும் உங்கள் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

2. பத்திரங்களை ஊரில் இருக்கும்போதே முடியுங்கள்

கொழும்புக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பத்திர வேலையைத் தள்ளிப் போடுகிறவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். தேவைப்படுபவை இவை:

தேசிய அடையாள அட்டை. வணிகப் பெயர்ப் பதிவு. இதற்கு உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும், கிராம சேவகரின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி இலக்கம். அந்த இலக்கத்தை வைத்துச் சுங்கத்தில் ஏற்றுமதியாளராகப் பதிவு. வணிகப் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. ஏற்றுமதிப் பணம் எத்தனை நாளுக்குள் நாட்டுக்குள் வர வேண்டும் என்று மத்திய வங்கி விதி வைத்திருப்பதால், கணக்குத் திறக்கும் அன்றே வங்கியில் அதையும் கேட்டுவிடுங்கள்.

இவை ஒரு தடவை செய்கிற வேலை. ஒவ்வொரு பொதிக்கும் வேண்டியவை வேறு. ஒன்று இன்வொய்ஸ்: யார் யாருக்கு விற்கிறார், என்ன பொருள், எத்தனை, என்ன விலை. மற்றது பக்கிங் லிஸ்ட்: எந்தப் பெட்டியில் என்ன, பெட்டியின் நீள அகல உயரம், பெட்டியின் எடை. சுங்கப் பிரகடனத்தை வழக்கமாக நாமே போடுவதில்லை. சுங்க முகவர், வாஃப் கிளார்க் என்பார்களே, அவர்தான் கணினியில் ஏற்றுவார். உங்கள் பக்கிங் லிஸ்டில் உள்ள எண்களைத்தான் அவர் அப்படியே எடுத்துப் போடுவார். அங்கே பிழை இருந்தால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு தாளிலும் அதே பிழை இருக்கும்.

பொருளின் பெயரைப் பொத்தாம் பொதுவாக எழுதாதீர்கள். 'துணி', 'உணவுப் பொருள்', 'பரிசு' எல்லாம் இப்போது செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் விமானச் சரக்குக்கு, விமானத்தில் ஏற்றுவதற்கு முன்னமே விபரம் அனுப்ப வேண்டும் என்ற முறை 2023 மார்ச் முதல் முழுமையாக நடக்கிறது. பொருள் எந்த வகை என்று காட்டும் ஆறு இலக்கச் சுங்கக் குறியீடும் அதில் கேட்பார்கள். 'பருத்திக் கைத்தறிச் சாறி, 40' என்று எழுதினால் வேலை ஓடும். 'துணி' என்று எழுதினால் பெட்டி கட்டுநாயக்காவிலேயே நிற்கும்.

விதை, பச்சை இலை, பழம் போன்றவற்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டியிருக்கும். அதைத் தரும் நிலையம் கட்டுநாயக்காவில் இருக்கிறது. வாங்குகிறவரின் நாடு அந்தப் பொருளை ஏற்கிறதா என்பதை அவரிடமே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கருவாட்டை முதல் பொதியில் தொடாதீர்கள். மீன் பொருளுக்குத் தனி அனுமதியும் சுகாதாரச் சான்றும் வேண்டும். ஐரோப்பாவுக்கென்றால் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் பதப்படுத்தியதாக இருக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் காயப்போட்டது அந்தக் கணக்கில் வராது.

3. பெட்டிக்குள் போகக் கூடாதவை

லித்தியம் பற்றரி ஆபத்து என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். பவர் பாங்க், தனியாக வைத்த கைத்தொலைபேசிப் பற்றரி எதையும் உங்கள் சரக்குப் பெட்டிக்குள் போடாதீர்கள். பற்றரியைத் தனியாக அனுப்பும்போது அதைப் பயணிகள் விமானத்தின் சரக்கு அறையில் ஏற்றக் கூடாது என்ற தடை 2016 ஏப்ரல் முதல் இருக்கிறது. பாடும் பொம்மை, ரீசார்ஜ் விளக்கு போன்றவற்றுக்குள்ளும் பற்றரி இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஆட்கள் மாட்டுப்படுவது பெரும்பாலும் வேறு சாமான்களில். கற்பூரம் எளிதில் தீப்பிடிக்கும் திடப்பொருள். கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. சாம்பிராணி போடும் கரியும் அதே பட்டியல்தான். சமையல் சாமானோடு ஒரு கிலோ கொப்பரை போனால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைப்போம். அத்தர், செண்ட், நகப்பூச்சு, ஸ்ப்ரே, லைட்டர், தீப்பெட்டி, மத்தாப்பு எல்லாம் இந்த வரிசைதான். கோயில் சாமான் என்று ஒரே பெட்டியில் கற்பூரம், சாம்பிராணிக் கரி, தீப்பெட்டி மூன்றையும் சேர்த்து அடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் அந்த ஒரு பெட்டி மாட்டினால் உங்கள் முழுப் பொதியும் நிறுத்தப்படலாம்.

ஆபத்தான பொருளை அனுப்பவே முடியாது என்று சொல்லவில்லை. அதற்கென்று தனிப் பொதியிடல், தனிப் பிரகடனம், பயிற்சி பெற்ற ஆள், தனிக் கட்டணம் எல்லாம் உண்டு. அப்படி ஏற்றும்போது, எந்த அறையில் என்ன ஆபத்தான பொருள் இருக்கிறது என்று விமானிக்கு ஒரு தாள் போகும். மறைத்து வைத்தால் அந்தத் தாள் போகாது. புகை வந்தால் எதனால் வருகிறது என்று விமானிக்குத் தெரியாது.

4. பொதி கட்டுதல்

ஒரு பெட்டியை 20 முதல் 25 கிலோவுக்குள் வைத்திருங்கள். ஒரு ஆள் தூக்கக்கூடிய பெட்டியைத் தூக்கி வைப்பார்கள். தூக்க முடியாததை உருட்டுவார்கள், இழுப்பார்கள், கடைசியில் போடுவார்கள்.

பாரமானதை அடியில், நடுவில் வையுங்கள். ஒரு பக்கம் ஊறுகாய்ப் போத்தலும் மறுபக்கம் பப்படமும் வைத்த பெட்டியைத் தூக்கும்போதே சாயும். அடுக்கினால் கீழே உள்ளதை நசுக்கும். இரண்டு பெட்டியைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி ஒன்று என்று கணக்குக் காட்டாதீர்கள். வழியில் கயிறு அறுந்தால் தாளில் ஆறு, கையில் ஏழு. எண்ணிக்கை பொருந்தாத சரக்கை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு பக்கமாவது லேபல் ஒட்டுங்கள். அனுப்புபவர், பெறுபவர், ஆறில் ஒன்று, ஆறில் இரண்டு என்ற வரிசை, அந்தப் பெட்டியின் எடை. பழைய பெட்டி என்றால் அதிலுள்ள பழைய லேபல் எல்லாவற்றையும் கிழித்துவிடுங்கள். நெயில் பொலிஷ் கொம்பனியின் பெட்டியில் நீங்கள் சாறி வைத்து அனுப்பினாலும், அதில் அச்சடித்த தீச் சின்னத்தைத்தான் ஏற்கும் இடத்தில் பார்ப்பார்கள்.

அம்மி, ஆட்டுக்கல், குழவி அனுப்பக் கேட்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கல்லின் மொத்த எடை பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த எடை முழுவதும் சின்ன இடத்தில் இறங்குகிறது. ஏ320, 737 போன்ற விமானங்களின் சரக்கு அறைத் தரை பொதுவாகச் சதுர மீட்டருக்கு 732 கிலோதான் தாங்கும். 50 கிலோ ஆட்டுக்கல்லின் அடி 25 செ.மீ.க்கு 25 செ.மீ. என்றால், சதுர மீட்டர்க் கணக்கில் அது 800 கிலோ. வரம்பைத் தாண்டிவிட்டது. அதே கல்லை 50க்கு 50 செ.மீ. உறுதியான தட்டின் மேல் வைத்துக் கட்டினால் 200 கிலோதான் வரும். தட்டுக்கு ஒட்டுப்பலகை எடுங்கள். சாதாரண மரப்பலகை என்றால் பூச்சி வராமல் சூடேற்றிய முத்திரை அதில் இருக்க வேண்டும். ஒட்டுப்பலகைக்கு அது தேவையில்லை.

5. நிறுத்தல்

குளியலறைத் தராசில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு தன் எடையைக் கழித்து எழுதுகிறவர்கள் உண்டு. வீட்டுக்கு அது சரி, சரக்குக்கு உதவாது. நெல் மில்லிலோ மொத்தக் கடையிலோ உள்ள மேடைத் தராசில் நிறுங்கள். தராசு சரியா என்று பார்க்க, வாயைத் தைத்த 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றைத் தூக்கி வையுங்கள். 47 காட்டினால் வேறு தராசு தேடுங்கள்.

நிறுப்பது எப்போதும் கடைசி வேலை. டேப் ஒட்டி, லேபல் ஒட்டி, உறை சுற்றிய பிறகு நிறுக்க வேண்டும். பெட்டிகளைப் பலட்டில், அதாவது சரக்கு அடுக்கும் தட்டில், அடுக்கி அனுப்புவதென்றால் பலட்டும் சேர்த்துத்தான் மொத்த எடை. ஒரு மரப் பலட் 15, 20 கிலோ வரும். அதை விட்டுவிட்டு எழுதுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. சாமான் எடை வேறு, மொத்த எடை வேறு. பக்கிங் லிஸ்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

மாரி காலத்தில் இன்னொரு தொல்லை. அட்டைப்பெட்டி ஈரத்தைக் குடிக்கும். பனை, பிரம்புச் சாமானும் குடிக்கும். ஊரில் நிறுத்ததற்கும் மழையில் நனைந்த லொறியில் போய்க் கட்டுநாயக்காவில் நிறுப்பதற்கும் வித்தியாசம் வரும். எடை கூடுவதோடு பெட்டியும் தொய்ந்துபோகும். ஒவ்வொரு பெட்டியையும் பொலித்தீனால் சுற்றிவிடுங்கள்.

தராசின் எண் தெரியும்படி ஒவ்வொரு பெட்டியையும் படம் எடுத்து வையுங்கள். பிறகு வாக்குவாதம் வந்தால் கையில் இருக்கும்.

6. கட்டண எடை: பணம் போகும் இடம்

இரண்டு எடை உண்டு. ஒன்று தராசு காட்டுவது. மற்றது பெட்டி அடைக்கும் இடத்தை வைத்துப் போடும் கன அளவு எடை. இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் பணம்.

நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 6,000ஆல் வகுங்கள். 60 × 50 × 40 பெட்டி 1,20,000; வகுத்தால் 20 கிலோ. உள்ளே 14 கிலோ பனையோலைச் சாமான்தான் இருந்தாலும் 20 கிலோவுக்குக் கட்ட வேண்டும். கூரியர்கள் பெரும்பாலும் 5,000ஆல் வகுப்பார்கள். அதே பெட்டி அங்கே 24 கிலோ. சாறி, சாரம், மா போன்றவை பாரமானவை, தராசு எடைதான் வரும். பப்படம், பனையோலை, பிரம்பு இடத்தை அடைக்கும்.

அளப்பது பெட்டி உப்பிய இடத்தில். திணித்துத் திணித்து மூடி 3 செ.மீ. மேலே எழும்பினால் அதே பெட்டி 21.5 கிலோ ஆகிவிடும்.

கிலோவுக்கான விலை படிப்படியாகக் குறையும். 45 கிலோவுக்குக் கீழ் ஒரு விலை, 45இலிருந்து ஒன்று, 100, 300, 500 என்று போகும். கணக்குக்காக 45க்குக் கீழ் 1,000 ரூபாய், 45இலிருந்து 850 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 42 கிலோவுக்கு 42,000 ரூபாய் வரும். அதையே 45 கிலோவாகக் கணக்கிட்டால் 38,250 ரூபாய்தான். இது முறையாகச் செய்வது, முகவரிடம் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் கவனம்: மாறுவது கட்டண எடை மட்டும். தாளில் மொத்த எடை என்ற கட்டத்தில் 42 தான் இருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, எடையைக் குறைத்து எழுதினால் காசு மிச்சம் என்று ஒரு முகவர் எனக்கு யோசனை சொன்னார். 'எல்லாரும் செய்கிறதுதானே தம்பி' என்றார். அவரிடம் திரும்பப் போகவில்லை. ஏன் என்பதற்கு அடுத்த பகுதி.

7. நீங்கள் எழுதும் எண் விமானத்தில் என்ன செய்கிறது

கட்டுநாயக்காவில் சரக்கை ஏற்கும்போது திரும்ப நிறுப்பார்கள். ஆகவே தனிப் பொதியில் குறைத்து எழுதினால் பெரும்பாலும் பிடிபடும். தாளைத் திருத்த வேண்டும், அதற்குக் கட்டணம், அதற்குள் விமானம் போய்விடும். கூட்டுப் பொதியாகப் போகும்போதோ முகவர் பல பேருடைய பெட்டிகளை ஒன்றாகச் சேர்க்கிறார். அங்கே உங்கள் ஒரு பெட்டியின் பொய் மற்றவற்றுக்குள் ஒளிந்துகொள்ளும். நாற்பது பேர் ஆளுக்குப் பத்துக் கிலோ ஒளித்தால் 400 கிலோ.

விமானத்தின் மொத்த எடையை வைத்துத்தான் எந்த வேகத்தில் மேலெழ வேண்டும், இயந்திரத்துக்கு எவ்வளவு விசை கொடுக்க வேண்டும், ஓடுபாதை போதுமா என்று விமானிகள் கணக்கிடுகிறார்கள். மொத்த எடை சரியாக இருந்தாலும் போதாது. முன் அறையில் எவ்வளவு, பின் அறையில் எவ்வளவு என்பதும் பொருந்த வேண்டும். ஆழமில்லாத வாவியில் தோணி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, தோணியின் பின்முனையில் எல்லோரும் ஏறி உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். பின்பக்கம் பாரம் கூடினால் விமானத்தின் மூக்கு வேண்டாத அளவுக்கு மேலே எழும்பும். விமானி அழுத்தியும் இறங்காத நிலை வரலாம்.

1997 ஓகஸ்டில் அமெரிக்காவின் மயாமியில் ஒரு டிசி-8 சரக்கு விமானம் மேலெழுந்த உடனேயே விழுந்தது. ஏற்றியிருந்தது ஆயுதமோ வெடிமருந்தோ இல்லை, தெனிம் துணி. பாரம் பின்பக்கம் தள்ளி ஏற்றப்பட்டிருந்தது. விமானத்தில் இருந்த நால்வரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். 2013 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் ஒரு 747, ஐந்து கவச வாகனங்களோடு கிளம்பியது. போதாத பட்டிகளால் கட்டியிருந்ததால் வாகனம் நகர்ந்து பின்பக்கக் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் சிதைத்தது. ஏழு பேர் இறந்தார்கள். 2020 ஜூலையில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இன்னொரு விதம்: பயணிகள் பட்டியலில் 'மிஸ்' என்று போட்டிருந்த பெண்களை எல்லாம் கணினி சிறுமிகளாகக் கணக்கில் எடுத்தது. தாளில் இருந்ததைவிட விமானம் 1,244 கிலோ கூட இருந்தது. அது பத்திரமாக இறங்கியது என்றாலும், விசாரித்தவர்கள் அதைப் பாரதூரமான சம்பவமாகத்தான் எடுத்தார்கள்.

ஏற்றும் இடத்தில் நடக்கும் பிழைகள் பல. முன் அறைக்குரியதைப் பின் அறையில் போடுவது, கொள்கலத்தைத் தரையோடு பூட்டும் பூட்டை எழுப்ப மறப்பது, ஒரு கொள்கலத்தின் எடையை இன்னொன்றுக்கு எழுதுவது, கடைசி நிமிடத்தில் சேர்த்த பெட்டியைத் தாளில் சேர்க்காமல் விடுவது. இவை எதுவும் உங்கள் கையில் இல்லை. ஏற்றுகிறவரும் தாள் போடுகிறவரும் உங்கள் பெட்டியைத் திறந்து பார்க்கப் போவதில்லை. எடை, அளவு, உள்ளே என்ன, உறுதியாகக் கட்டியிருக்கிறதா என்ற நான்கும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

8. முகவரிடம் விலை கேட்கும்போது

'கிலோ எவ்வளவு?' என்று கேட்டால் கேட்க இனிமையான ஒரு எண் கிடைக்கும். பில் வரும்போது அதன் பக்கத்தில் எரிபொருள் மேலதிகக் கட்டணம், பாதுகாப்புச் சோதனை, எயார்வே பில் (விமானச் சரக்கோடு போகும் தாள்) கட்டணம், சரக்கு முனையக் கூலி, சுங்கப் பத்திரக் கூலி, முகவர் கூலி என்று வரிசையாக நிற்கும். சின்னப் பொதிக்கு இந்தச் சில்லறைகளே சரக்குக் கட்டணத்தை எட்டிப் பிடித்துவிடும். ஆகவே இப்படிக் கேளுங்கள்: 'இத்தனை பெட்டி, இந்த அளவு, இந்த மொத்த எடை, இந்த விமான நிலையம் வரை, எல்லாம் சேர்த்து எவ்வளவு? எழுத்தில் அனுப்புங்கள்.' குறைந்தது மூன்று பேரிடம் இதே வரியை அனுப்புங்கள். அப்போதுதான் ஒன்றோடு ஒன்று ஒப்பிட முடியும்.

அங்கே இறங்கிய பிறகு யார் செலவு என்பதையும் பேசி முடியுங்கள். முனையக் கூலி, வரி, வீட்டுக்குக் கொண்டுபோகும் செலவு எல்லாம் வாங்குபவர் தலையில் என்றால் அவருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வரி: 800 டொலருக்குக் கீழான பொதிக்கு அங்கே இருந்த வரிவிலக்கு 2025 ஓகஸ்ட் 29இல் நிறுத்தப்பட்டது. பழைய ஆட்கள் சொல்வதை நம்பி விலை போடாதீர்கள்.

9. நாட்கணக்கு

விமான நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சனிக்கிழமை விமானம் என்றால், சரக்கு ஏற்கும் கடைசி நேரம் எப்போது என்று முகவரிடம் கேளுங்கள்; வெள்ளி காலையே முனையத்தில் இருப்பது நல்லது. அப்படியானால் வியாழன் இரவு ஊரிலிருந்து கிளம்ப வேண்டும், புதன் அன்று நிறுத்து முடிந்திருக்க வேண்டும், இன்வொய்ஸும் பக்கிங் லிஸ்டும் புதன் மாலை முகவரின் கையில் இருக்க வேண்டும். தாவரச் சான்றிதழ் வேண்டிய பொருள் இருந்தால் இன்னும் இரண்டு நாள் முன்னால். போயா நாள் குறுக்கே வருகிறதா என்று நாட்காட்டியைப் பாருங்கள்.

மட்டக்களப்பு ஆட்களுக்கு ரயிலும் உண்டு, பார்சலாகப் போடலாம். கோட்டையில் இறக்கிக் கட்டுநாயக்காவுக்கு வேறு வாகனம் பிடிக்க வேண்டும் என்பதால் பெட்டி கூடுதல் தடவை கைமாறும். கல்முனை, மருதமுனைப் பக்கம் லொறிதான் வசதி. தினமும் கொழும்பு போகும் துணி லொறிகளில் இடம் கேட்டால் தனி வாகனத்தைவிட மலிவாக முடியும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை இரண்டு நாளாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் ஏறினால் பாதையும் ரயிலும் ஒன்றாக நிற்கும். அதே மாதங்களில்தான் நத்தாருக்கும் பொங்கலுக்கும் எல்லோரும் அனுப்புவார்கள்.

இன்னொன்றும் தெரிந்திருங்கள். பயணிகள் விமானத்தின் அடி அறையில் போகும் சரக்குக்கு எப்போதும் கடைசி இடம்தான். பயணிகளின் பைகள் கூடிவிட்டால், அல்லது காலநிலையால் கூடுதல் எரிபொருள் ஏற்ற வேண்டி வந்தால், முதலில் இறக்குவது சரக்கை. இடம் உறுதி என்று முகவர் சொல்லியிருந்தாலும் இது நடக்கும். அப்படி இறக்கியதற்காகக் கோபப்படாதீர்கள். எடைக் கணக்கை ஒழுங்காகப் பார்க்கிறார்கள் என்றுதான் அர்த்தம். கல்யாணத்துக்குச் சாறி அனுப்புவதென்றால் கல்யாண வாரத்தில் அனுப்பாதீர்கள், அவ்வளவுதான்.

10. எயார்வே பில்லைக் கையெழுத்துக்கு முன் வாசியுங்கள்

பதினொரு இலக்க எண் கொண்ட தாள் அது. முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் காட்டும்: 603 என்றால் ஸ்ரீலங்கன், 157 கத்தார், 176 எமிரேட்ஸ். கூட்டுப் பொதியாகப் போகும்போது முகவர் தன் சொந்த இலக்கத்தில் ஒரு தாள் தருவார். விமான நிறுவனத்தின் மூல இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள், அது இருந்தால்தான் நீங்களே இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.

பார்க்க வேண்டிய கட்டங்கள் ஐந்து: பெட்டி எண்ணிக்கை, மொத்த எடை, கட்டண எடை, பொருளின் பெயர், பெறுபவரின் பெயரும் தொலைபேசியும். இந்த எண்கள் இன்வொய்ஸிலும் பக்கிங் லிஸ்டிலும் உள்ளதோடு ஒரு கிலோ கூடப் பிசகாமல் பொருந்த வேண்டும். பெறுபவரின் பெயரைக் கடவுச்சீட்டில் அல்லது கடைப் பதிவில் உள்ளபடி எழுதுங்கள். 'ராசன் அண்ணை' என்று வீட்டில் கூப்பிடுகிற பெயரை எழுதி, அந்தப் பெயருக்கு அடையாள அட்டை இல்லாமல் அங்கே பெட்டி எடுக்க முடியாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

11. தொலைந்தால், உடைந்தால்

காப்புறுதி எடுக்காவிட்டால் விமான நிறுவனத்தின் பொறுப்புக்கு ஒரு வரம்பு உண்டு. மொன்றியல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில் 2024 டிசம்பர் 28 முதல் அது கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ஒரு அலகு ஒரு அமெரிக்க டொலரைவிடக் கொஞ்சம் கூட. பொருளின் விலையை அங்கே பார்க்க மாட்டார்கள், எடையை வைத்துத்தான் போடுவார்கள். 25 கிலோ பெட்டியைத் தாளில் 15 என்று எழுதியிருந்தால் உங்கள் உரிமையும் 15 கிலோவுக்குத்தான். பட்டுச் சாறி போன்ற விலை கூடியதற்குத் தனிக் காப்புறுதி எடுங்கள், அல்லது கூடுதல் கட்டணம் கட்டித் தாளில் விலையைப் பிரகடனம் செய்யுங்கள்.

பெட்டி நசுங்கியோ நனைந்தோ வந்தால், பெறுபவர் கையெழுத்துப் போடும் தாளிலேயே அதை எழுதச் சொல்லுங்கள். திறக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுக்க வேண்டும். சேதத்துக்கான முறைப்பாடு பொருளைப் பெற்ற 14 நாளுக்குள் எழுத்தில் போக வேண்டும். தாமதத்துக்கு 21 நாள். வாட்ஸ்அப்பில் முகவருக்குக் குரல் செய்தி அனுப்புவது முறைப்பாடு ஆகாது. மின்னஞ்சலில், எயார்வே பில் இலக்கத்தோடு, விமான நிறுவனத்துக்கும் முகவருக்கும் சேர்த்து அனுப்புங்கள். ஊரில் நிறுக்கும்போது எடுத்த தராசுப் படங்களையும் அதோடு இணைத்துவிடுங்கள்.